கோஸ்-கோஸே (கூட்டணிப் பேரம்) நடக்கும் வாரங்களில் நாம் எங்கே இருக்கிறோம்?

மொரிசியஸின் கத்ர் போர்னில் இருக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வி இது: "ஐயா, 2024 நவம்பரில்தான் நான் முதல்முறையாக வாக்களித்தேன். மாற்றம் வரும் என்று நம்பினேன். ஏழு மாதம்கூட ஆகவில்லை, அம்மாவுக்கு அறுபது வயதில் வர வேண்டிய பென்ஷன் தள்ளிப்போகும் என்கிறார்கள். தலைவர்கள் உட்கார்ந்து பேரம் பேசிக் கூட்டணி அமைக்கிறார்கள், ஜெயித்த பிறகு அவர்கள் இஷ்டம். இதில் வாக்காளனுக்கு என்ன மதிப்பு? அதுவும் நம்மைப் போன்ற தமிழர்களுக்கு?"

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. தையல் ஆலையில் முப்பது வருஷம் நின்று வேலை செய்த ஒரு பெண்மணி அறுபதாவது பிறந்தநாளை எண்ணிக்கொண்டு காத்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். என் மாணவர்களின் தாய்மார்களில் பாதிப்பேர் அந்த ஆலைகளிலிருந்து நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றவர்கள்தான். ஆனால் பேரம் பேசுவதே தப்பு என்ற இடத்தில் மட்டும் நான் உங்களோடு வர மாட்டேன். மொரிசியஸில் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரு நாளும் ஆட்சி நடந்ததில்லை, இனியும் நடக்காது. பேரம் எப்போது நடக்கிறது, எதைப் பற்றி நடக்கிறது, நமக்குக் காட்டிவிட்டு நடக்கிறதா என்பதுதான் விஷயம்.

உங்கள் பணப்பையைத் திறந்து நோட்டுகளைப் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாயில் சிவசாகர் ராம்கூலம். ஆயிரத்தில் காயேத்தான் துவால். ஐந்நூறில் சுக்தேவ் பிசுண்டயால். இருநூறில் அப்துல் ரசாக் முகமது. 1967 ஆகஸ்ட் தேர்தலில் ராம்கூலம், பிசுண்டயால், முகமது மூன்று பேரும் ஓர் அணி, சுதந்திரம் வேண்டும் என்றவர்கள். துவால் எதிரணி. நாட்டில் 44 சதவீதம் பேர் துவால் பக்கம் வாக்களித்தார்கள். 1968 மார்ச் 12ஆம் தேதி கொடி ஏறியபோது நாடு அப்படி இரண்டாகப் பிளந்து கிடந்தது. அடுத்த ஆண்டே ராம்கூலமும் துவாலும் ஒரே அரசில் உட்கார்ந்தார்கள். அந்தச் சமரசம் நாட்டை ஒட்டவைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. நானும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதே சமரசத்தின் பேரில் 1972இல் வர வேண்டிய தேர்தலை 1976 வரை தள்ளிப்போட்டார்கள். ஒரே பேரம்: ஒரு கையால் அமைதியைக் கொடுத்தது, மறு கையால் வாக்குச்சீட்டைப் பிடுங்கியது. நம் நாட்டு அரசியல் பேச்சுவார்த்தைகளை எடைபோட எனக்கு இன்றும் அதுதான் படிக்கல்.

இவ்வளவு கூட்டணி ஏன் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். காரணம் நம் வாக்குமுறையில் இருக்கிறது. தீவில் 20 தொகுதி, தொகுதிக்கு மூன்று உறுப்பினர், ரொட்ரிகஸுக்கு இரண்டு. உங்கள் சீட்டில் மூன்று குறி போட்டே ஆக வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் அந்தச் சீட்டு செல்லாது. அரசுப் பள்ளித் தமிழாசிரியனாக இருந்தபோது சில தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தேன். ஒரு பாட்டி உள்ளே வந்து, சீட்டை விரித்து, நீளமான பெயர்ப் பட்டியலைப் பார்த்துத் திகைத்து நின்றதை மறக்க முடியாது. எனக்கு ஒருத்தரைத்தான் தெரியும், மற்ற இரண்டு பேருக்கும் ஏன் போட வேண்டும் என்று கேட்டார். விதியை மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அந்த மற்ற இரண்டு குறியைத்தான் கட்சிகள் 'ப்ளோக்' என்று மொத்தமாகக் கேட்டு வாங்குகின்றன. மூன்று பேர் நிற்கும் அணியில் ஒருவர் இந்தச் சமூகம், ஒருவர் அந்தச் சமூகம் என்று கோத்துவிட்டால், ஒருவரை நம்பி வருபவர் மூவருக்கும் போட்டுவிட்டுப் போவார்.

இந்த முறையில் முதலில் வருபவருக்கு எல்லாம் கிடைக்கும். 2019இல் மும்முனைப் போட்டி. பிரவிந்த் ஜக்நாத்தின் அணி 37 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி, தெளிவான பெரும்பான்மையோடு ஆட்சியில் அமர்ந்தது. தனித்தனியாக நின்றவர்கள் அந்த ஐந்து வருஷமும் அதற்கு விலை கொடுத்தார்கள். பல நாடுகளில் தேர்தல் முடிந்து, எண்ணிக்கை தெரிந்த பிறகு பேரம் தொடங்கும். நம் ஊரில் முதல் சீட்டு விழுவதற்கு மாதக்கணக்கில் முன்பே அது முடிந்துவிடும். அதைத்தான் கிரியோலில் கோஸ்-கோஸே என்கிறோம். யார் பிரதமர், யாருக்கு எத்தனை டிக்கெட், முன்வரிசையில் எந்த நாற்காலி யாருக்கு, எல்லாம் அந்த வாரங்களில் பேசி முடிக்கிறார்கள். அதனால் நாம் வாக்குப்போடுவது கட்சிக்கு அல்ல, கொள்கைக்கும் அல்ல. ஏற்கெனவே கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்துக்குத்தான். இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படிப் பார்த்தால் நல்ல ஒப்பந்தம் எது, கெட்டது எது என்று பிரிக்க முடியும். 2000இல் மெட்பாயிண்ட் ஒப்பந்தம். அனிருத் ஜக்நாத் மூன்று வருஷம் பிரதமர், பிறகு பால் பெராஞ்சே இரண்டு வருஷம். இதை ஒளிக்கவில்லை, தேர்தலுக்கு முன்பே ஊரறியச் சொன்னார்கள். இந்து அல்லாத ஒருவர் பிரதமராவதை மக்கள் ஏற்பார்களா என்று அப்போது பேசாத வீடு இல்லை. மக்கள் ஏற்றார்கள், பெரிய வெற்றி கொடுத்தார்கள். 2003 செப்டம்பர் 30ஆம் தேதி, சொன்னபடி நாற்காலி கைமாறியது. எனக்கு அந்த அரசின் பல காரியங்களில் உடன்பாடு இல்லை. ஆனாலும் வாக்காளனை வயது வந்த மனுஷனாக மதித்த ஒப்பந்தம் அது என்று இன்றும் சொல்வேன்.

பதினான்கு வருஷம் கழித்து, 2017 ஜனவரியில், அதே அனிருத் ஜக்நாத் பதவி விலகி மகன் பிரவிந்திடம் பிரதமர் பொறுப்பு போனது. சட்டப்படி தவறில்லை, நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருப்பவர் பிரதமர். ஆனால் 2014 டிசம்பரில் சீட்டில் குறி போட்டவர்களிடம் அப்படி ஒரு திட்டம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. ஊர் முழுக்க அதை 'அப்பா-மகன் டீல்' என்று அழைத்தார்கள். கைமாறியது 2003இலும் அதே நாற்காலிதான். ஊர் அதை ஏற்றுக்கொண்டது, இதை ஏற்கவில்லை. முன்னது முன்கூட்டியே சொன்னது, பின்னது சொல்லாதது, அவ்வளவுதான்.

2014 தேர்தலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நவின் ராம்கூலமின் தொழிற்கட்சியும் பெராஞ்சேயின் எம்.எம்.எம்.மும் சேர்ந்தன. இரண்டு கட்சிகளின் பழைய வாக்குகளைக் கூட்டிப் பார்த்தவர்கள், எதிரணிக்கு ஒரு தொகுதிகூட மிஞ்சாது என்றார்கள். ஒப்பந்தத்தின் மையம் 'இரண்டாம் குடியரசு': அதிகாரம் கூடிய ஜனாதிபதியாக ராம்கூலம், பிரதமராக பெராஞ்சே. பல மாதம் பேசினார்கள். அரசியலமைப்பில் யாருக்கு எந்த அதிகாரம் என்று வரிவரியாகப் பேசினார்கள். ஆனால் அந்த மாதங்களில் மேல் பிளேன் வில்ஹெம்ஸ் பக்கம் மக்கள் பேசியது குழாயில் தண்ணீர் எந்த மணிக்கு வரும் என்பதைத்தான். அனிருத் ஜக்நாத்தின் எதிரணி வந்து, முதியோர் பென்ஷனை ஐயாயிரம் ரூபாயாக்குவோம் என்றது. ஒரே வரி. 60 இடத்தில் 47 அவர்களுக்கு, 13 இவர்களுக்கு. ராம்கூலம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார்.

அதை 'மக்கள் காசுக்கு மயங்கினார்கள்' என்று ஏளனமாகச் சொன்னவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மாத வருமானம் ஏதும் இல்லாத எழுபது வயதுக்காரருக்கு அந்தத் தொகை மருந்தும் அரிசியும். இரண்டு தலைவர்கள் தங்களுக்குள் என்ன பங்கு போட்டுக்கொள்வது என்று பேசிய ஒப்பந்தத்தில் தனக்கு என்ன இருக்கிறது என்று அவர் தேடிப்பார்த்தார், ஒன்றும் இல்லை. வாக்குகளைக் கூட்டல் கணக்கு போட்டவர்கள், அந்த வாக்குகள் தங்கள் பெட்டகத்தில் பூட்டி வைத்திருப்பவை என்று எண்ணிவிட்டார்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். 1982இல் எம்.எம்.எம். அணிக்கு அறுபதுக்கு அறுபது. ஒன்பது மாதத்தில், 1983 மார்ச்சில், உடைந்தது. 1995 டிசம்பரில் தொழிற்கட்சி-எம்.எம்.எம். அணிக்கு அறுபதுக்கு அறுபது. 1997 ஜூனில் உடைந்தது. எதிரில் ஆள் இல்லாவிட்டால் பேரம் வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடும் போலிருக்கிறது. 2024 நவம்பர் 10 மூன்றாவது அறுபது, நவின் ராம்கூலமின் அணிக்கு. அப்போது எதிர்க்கட்சித் தலைவரான ஜோ லெஸ்ஜோங்கார்கூட, தோற்றவர்களில் சிலருக்குச் சமூகவாரியாகத் தரும் கூடுதல் இடமான 'பெஸ்ட் லூசர்' வழியாகத்தான் நாடாளுமன்றத்துக்குள் வர முடிந்தது. தேர்தலுக்குச் சில வாரம் முன் தொலைபேசி ஒட்டுக்கேட்ட ஒலிப்பதிவுகள் வெளிவந்ததும், அரசு சமூக வலைத்தளங்களை ஒரே வீச்சில் முடக்கப் பார்த்து மறுநாளே பின்வாங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோபத்தில் மக்கள் போட்ட வாக்கு அது. கோபம் ஓர் அரசைக் கீழே இறக்கும். வந்து ஏறுபவர் கையில் என்ன பட்டியல் இருக்கிறது என்று அது கேட்காது.

இப்போது அம்மாவின் பென்ஷன். 2025 ஜூன் 5ஆம் தேதி வரவுசெலவுத் திட்டத்தில், அடிப்படை ஓய்வூதிய வயது அறுபதிலிருந்து அறுபத்தைந்துக்குப் படிப்படியாகப் போகும் என்று பிரதமர் நவின் ராம்கூலம் அறிவித்தார். நிதியமைச்சும் அப்போது அவரிடமே இருந்தது. அரசு சொல்லும் காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கடன் மலைபோல் ஏறிக் கிடக்கிறது, பிள்ளைகள் பிறப்பது குறைகிறது, முதியவர்கள் கூடுகிறார்கள். கணக்கு கஷ்டமான கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு நவம்பரிலும் அதேதான். தேர்தல் மேடையில் இரண்டு அணியும் பதினான்காம் மாதச் சம்பளம் தருகிறோம் என்றன. அறுபத்தைந்து என்ற எண்ணை யாரும் வாயால் சொல்லவில்லை. எதிர்ப்பு வலுத்த பிறகு சில தளர்வுகளைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சு தேர்தலுக்கு முன் நடந்திருக்க வேண்டியது. அப்போது நீங்களும் அம்மாவும் அந்த மேசையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள்.

சரி, தமிழர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்கு மிக நெருக்கமானது, அதனால் கொஞ்சம் நீளும்.

நம் அரசியலமைப்பு பெஸ்ட் லூசர் இடங்களுக்காக நாட்டை நான்காகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீன-மொரிசியர், மற்றவர்கள் எல்லாரும் பொதுமக்கள். அந்த எட்டு இடத்தையும் 1972 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் இன்னும் பிரிக்கிறார்கள். தமிழர் அதில் இந்து என்ற பிரிவுக்குள் அடக்கம். மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய ஆறு சதவீதம். நமக்கென்று எழுதிவைத்த இடம் எதுவும் இல்லை. அதனால்தான் நம் பேரம் முழுக்க கட்சிக்குள் நடக்கிறது: ரோஸ் ஹில்லில் ஒரு தமிழ் வேட்பாளர், அமைச்சரவையில் ஒரு தமிழர், முடிந்தால் துணை ஜனாதிபதி. அங்கிடி செட்டியாரும் பார்லன் வையாபுரியும் அந்தப் பதவியில் இருந்தார்கள். ராமா சித்தனன் இரண்டு முறை நிதியமைச்சர். நமக்குப் பெருமைதான், அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் எங்கள் பேரம் எப்படி நடந்தது என்று ஒரு முறை கிட்ட இருந்து பார்த்தேன். ஒரு பொதுத்தேர்தலுக்கு முந்திய கோஸ்-கோஸே காலம். எங்கள் பகுதியிலிருந்து ஆறு பேர் ஒரு தலைவரைப் பார்க்கப் போனோம். என் கையில் நானே தட்டச்சு செய்த காகிதம். ஐந்து கோரிக்கை: இரண்டு பள்ளிகளில் காலியாகக் கிடந்த தமிழாசிரியர் இடம், கோயில் தெருவில் மழைநீர் வடிகால், மாலை வகுப்புக்கு ஓர் அறை, பஸ் நிறுத்தத்துக்குக் கூரை, கடைசியாக எங்கள் ஆள் ஒருவருக்கு டிக்கெட். தலைவர் காகிதத்தை வாங்கினார், படிக்கவில்லை. உங்கள் பக்கம் எத்தனை வாக்கு வரும் என்று கேட்டார். எங்களில் மூத்தவர் ஓர் எண் சொன்னார். எங்கிருந்து எடுத்தார் என்று எங்களுக்கே தெரியாது. அப்புறம் முக்கால் மணி நேரம் டிக்கெட் பற்றி மட்டும்தான் பேச்சு. தேநீர் வந்தது, கைகுலுக்கினோம், கிளம்பினோம். வெளியே வந்து பார்த்தால் காகிதம் அவருடைய மேசையில் தட்டுக்கு அடியில் தேநீர்க்கறையோடு இருந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான். டிக்கெட் கிடைத்தது, ஆள் ஜெயித்தார். அந்த இரண்டு பள்ளிகளில் அடுத்த ஆண்டும் தமிழ் வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதை நான் அந்தத் தலைவர் மேல் பழியாகச் சொல்லவில்லை. ஐந்தில் நான்கை விட்டுக்கொடுத்தவர்கள் நாங்கள். ஆள் வந்தால் காரியம் தானாக வரும் என்று நம்பினோம்.

நாம் வேறு மாதிரி பேரம் பேசிய நேரமும் உண்டு, தம்பி. அதை உங்கள் தலைமுறை அதிகம் கேள்விப்பட்டிருக்காது. 1998 நவம்பரில் மத்திய வங்கி புதிய நோட்டுகளை வெளியிட்டது. பழைய நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதன்பின் தேவநாகரி என்பது வழக்கம். புதிய நோட்டில் அந்த வரிசை மாறி, தமிழ் கடைசிக்குப் போயிருந்தது. புதிய நூறு ரூபாய் நோட்டை அன்று கையில் வைத்துப் பார்த்தது அப்படியே நினைவிருக்கிறது. அதில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன், நம்மவர், நாட்டின் கல்வியமைச்சராக இருந்தவர். முகம் நம்முடையது, எழுத்து மட்டும் ஒரு படி கீழே. லாபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து கல்தச்சர்களாகவும் தச்சர்களாகவும் வந்து போர்ட் லூயிஸைக் கட்டியவர்கள் நம் ஆட்கள். அந்த எழுத்தின் இடம் யாரும் தந்த சலுகை அல்ல.

அப்போது யாரும் டிக்கெட் கேட்கவில்லை. எதிர்ப்பு தெருவுக்கு வந்தது. கோரிக்கை ஒன்றே ஒன்று, எல்லாருக்கும் புரியும் ஒன்று: வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்தத் தலைவரும் அறைக்குள் வைத்து அதைப் பாதியாக வெட்டிக் கொடுக்க முடியாத கோரிக்கை அது. மத்திய வங்கி ஆளுநர் பதவியை விட்டுப் போக நேர்ந்தது. நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு வந்த நோட்டில் தமிழ் பழைய இடத்துக்கு வந்தது. இன்றும் உங்கள் பையில் இருப்பது அந்த வரிசைதான். ஒரு வரி எழுத்துக்கு இவ்வளவா என்று கேட்ட மற்ற சமூக நண்பர்கள் எனக்கு உண்டு. மரியாதை என்பது அப்படித்தான், இல்லாதபோதுதான் தெரியும் என்று அவர்களிடம் சொன்னேன்.

அதே சமயம், மொழியை மட்டும் காட்டி வாக்கு வாங்கிவிடலாம் என்று நினைத்தவர்களுக்கும் நம் நாட்டில் பாடம் கிடைத்திருக்கிறது. 1995இல் ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வின் தரவரிசையில் தமிழ் போன்ற கீழ்த்திசை மொழிகளின் மதிப்பெண்ணையும் சேர்க்க அனிருத் ஜக்நாத் அரசு அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்தது. போதிய ஆதரவு கிடைக்கவில்லை, நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலுக்குப் போனார். தமிழாசிரியனாக நான் மனதார விரும்பிய திருத்தம் அது. ஆனால் வாக்கு எண்ணியபோது அவர் அணிக்குத் தீவில் ஓர் இடமும் இல்லை. நம் மக்களும் மற்றவர்களைப் போலவே பல காரணங்களை எடைபோட்டுத்தான் குறி போட்டார்கள். நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்த வாக்கு இல்லை. தைப்பூசக் காவடி அன்று தோளில் துண்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து நிற்பவர்களும் நம் சார்பில் எண்ணிக்கை சொல்பவர்களும் இதை இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது. அடுத்த கோஸ்-கோஸே தொடங்கும் வாரங்களில்தான் நம் கை ஓங்கியிருக்கும். வாக்குப்போடும் நாளில்கூட அவ்வளவு இல்லை. அந்த வாரங்களில் 'நம் ஆள் யார்' என்று கேட்டுக்கொண்டிருக்காமல், 'பென்ஷன் வயது என்ன, தண்ணீர் எத்தனை மணி நேரம், தமிழாசிரியர் எத்தனை பேர், பிரதமர் பாதியில் மாறுவாரா' என்று நான்கு கேள்வியை எழுதி இரண்டு அணிக்கும் கொடுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். பதில் தராவிட்டால் அதையும் ஊருக்குச் சொல்லுங்கள்.

ஆனால் அது வர வருஷங்கள் இருக்கின்றன, அம்மாவின் பிறந்தநாள் அதுவரை காத்திருக்காது. உங்கள் தொகுதிக்கு ஒருவர் அல்ல, மூன்று உறுப்பினர்கள். மூன்று பேரும் 2024இல் வென்ற அணியின் சார்பில் ஜெயித்தவர்கள். மூவருக்கும் தனித்தனியாக ஒரே கடிதம் எழுதுங்கள். தொகுதியில் மக்களைச் சந்திக்கும் நாளில் நேரில் போய்க் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கட்சியைத் திட்டி எழுத வேண்டாம். இந்த வேலை, இத்தனை வருஷம், இந்த வயது, இடையில் உள்ள வருஷங்களுக்கு எந்த வருமானத்தில் வாழ்வது, இதை நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்புவீர்களா, ஆம் அல்லது இல்லை என்று கேளுங்கள். அவையின் அமர்வுகள் நேரலையில் வருகின்றன. கேட்டாரா இல்லையா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதே ஆலையில் அம்மாவோடு வேலை செய்தவர்கள் இன்னும் பத்துப் பேர் இருந்தால் பத்துக் கடிதம். எந்தச் சமூகம் என்று பார்க்காதீர்கள். தையல் இயந்திரத்தின் முன் அவர்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

கடிதத்தின் முதல் வரியில் அம்மாவின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதுங்கள். ஒரு பிரதியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காகிதத்துக்குப் பிரதி இல்லை.